முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

ஹோட்டல் மண்டபத்தில் ஏசி குளிர் அதிகம்.
சுவர் முழுக்க
டெல்ஃபின் இராசநாயகத்தின் முப்பது வருடம்.
வாசலில் தந்த மாதுளஞ்சாறு
என் கையில் சூடாகிக்கொண்டிருக்கிறது.

கலண்டர்ப் பெண்கள் முதலில்.
பத்திக் துணி கடற்காற்றில் புடைக்க
றெயில் தண்டவாளத்தில் வெறுங்காலோடு ஒருத்தி.
மீன் சந்தை ஈரத்தில்
கூறைச்சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி
இன்னொருத்தி.
அந்தச் சேலையைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லையாம்,
பாரை மணம் போகவில்லை என்று.

அப்புறம் முகங்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்திருக்கும் நீதியரசர்.
முகமே இல்லாத ஒரு பந்துவீச்சாளர், விரல்கள் மட்டும்.
வாயைத் திறக்காமல் சிரிக்கும்
கொட்டாஞ்சேனைப் பல் வைத்தியர்.

எல்லாம் ஒரே ஆளா எடுத்தது என்று
பக்கத்தில் ஒரு பையன் காதலியிடம் கேட்கிறான்.
ஒரே ஆள்தான் தம்பி.
பாதிக்கு மேல் ஒரே யன்னல்.

அந்த யன்னலை எனக்குத் தெரியும்.
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
ஸ்ரூடியோ மாடியில், கீழே தையல்கடை.
தொண்ணூற்றாறு.
லொட்ஜில் நாங்கள் பதினொரு பேர், ஒரு குளியலறை.
அடையாள அட்டைக்குப் படம் வேண்டும், நாளைக்கே.
காலி வீதி ஸ்ரூடியோக்காரன்
எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு விலை சொன்னான்.

நான் படியேறியபோது
நகைக்கடை விளம்பரம் நடந்துகொண்டிருந்தது.
மணப்பெண் வேடத்தில் ஒரு மொடல்
உதட்டுச்சாயம் கலையாமல்
கொத்துரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.
டெல்ஃபின் என்னைக் கதிரையில் இருத்தினாள்.

இரண்டு காதும் தெரியவேண்டும் அக்கா, விதி அது.
தெரியும் என்றாள்,
இந்த மாதம் மட்டும் அறுநூறு காது எடுத்துவிட்டேன்.
ரெஜிபோம் மட்டையை மொடலிடம் நீட்டினாள்.
பத்துப் பவுண் நகையும் வாய்நிறையக் கொத்துமாக
அவள் எனக்காக அதைப் பிடித்து நின்றாள்.
வெளிச்சம் என் கன்னத்தில் மெல்ல ஏறியது.

காலையில் என்ன சாப்பிட்டாய்?
பாண்.
சம்பலோடா, பருப்போடா?
யோசித்தேன்.
கிளிக்.

கிருலப்பனைச் சோதனைச் சாவடியில்
ஒரு சிப்பாய் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி அட்டையை.
இது நீ இல்லை என்றான் சிங்களத்தில்.
நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பப் பார்த்தேன்,
அங்கே ஏது யன்னல்,
ஜெனரேற்றர் விளக்கும் தூறலும்தான்.
நாற்பது நிமிடம்.
கடைசியில் டோர்ச் அடித்துக்
காதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.
இரண்டும் பொருந்தின.
போ என்றான்.

மறுநாள் போய்ச் சண்டை பிடித்தேன்:
கொஞ்சம் வடிவில்லாமல் எடுத்துத் தாருங்கள் அக்கா.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
யன்னலைச் சாத்தினாள்,
குழல் விளக்கை நேராக நெற்றியில் அடித்தாள்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதும் பிழைத்துப் போனது.
அதிலும் நான்தான் இருந்தேன்.
காசு வாங்கவில்லை.
வரிசையில் அடுத்து நின்ற பிள்ளைக்கு
மட்டையைப் பிடிக்கச் சொன்னாள்.
அன்று பின்னேரம்வரை பிடித்தேன்,
பதினேழு பேருக்கு.

இந்தச் சுவரில் அந்தப் படங்கள் இல்லை.
முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீற்றரைச்
சட்டம் போட்டு யார் மாட்டுவார்கள்.
அட்டை என் கைப்பையில் இருக்கிறது.
தொலைந்துவிட்டது என்று பொலிசில் எழுதிக்கொடுத்துத்தான்
புதியது எடுத்தேன்.

தூதரகத்துப் பெண்களின் நடுவே
கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டபடி டெல்ஃபின்.
உங்களுக்குப் பிடித்த படம் எது என்று
மைக்கை நீட்டுகிறார்கள்.
அவள் ஏதோ சொல்கிறாள், எனக்குக் கேட்கவில்லை.
சொல்லும்போதே கூட்டத்துக்கு மேலால்
என் பக்கம் ஒரு பார்வை,
முதலில் இடது காது, பிறகு வலது.

மாதுளஞ்சாற்றை எங்கே வைப்பது என்று
தெரியாமல் நிற்கிறேன்.